பெருங்குடற் புற்றுநோயும் யந்திரக் கரமும்

பெருங்குடலிலும், அதன் இறுதிப் பாகமாகிய நேர்குடலிலும் தோன்றும் புற்றுநோய்க்குத் தலையாய சிகிச்சை, நோயுற்ற பாகத்தை அறுத்து நீக்குதலேயாம். இச் சத்திரசிகிச்சை இன்று மூவகையாக நடைபெறுகின்றது. வயிற்றை நீள அறுத்துத் திறந்து செய்வது ஒன்று. சிறு துளைகளின் வழியே கமராவையும் நீண்ட கருவிகளையும் செலுத்திச் செய்வது மற்றொன்று. அக்கருவிகளை யந்திரக் கரங்கள் தாங்கி நிற்க, வைத்தியர் சற்று அப்பால் அமர்ந்து அவற்றை இயக்குவது மூன்றாவது. யந்திரம் தானாக எதனையும் அறுப்பதில்லை. வைத்தியரின் கையசைவையே நுண்ணிதாக்கி உள்ளே நிகழ்த்துகின்றது.

இதனாலாய பயன் யாது? நேர்குடல் இடுப்பெலும்புகளிடையே ஒடுங்கிய இடத்தில் அமைந்துள்ளது. அங்கே நேரான கருவியைத் திருப்புதல் அரிது. யந்திரக் கருவியின் நுனியோ மணிக்கட்டுப் போல மடங்க வல்லது.

எனினும், ஆய்வுகள் ஒருபடித்தாக இல்லை. 10 நாடுகளில் 471 நோயாளரிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்வில், துளைமுறையைக் கைவிட்டு வயிற்றைத் திறக்க நேர்ந்தோர் நூற்றுக்கு 12.2, யந்திர முறையில் 8.1. இவ்வேறுபாடு தற்செயலானதாகவும் இருக்கலாம் என்பதால், யந்திரமே மேலானது என்று துணிய இடமிருக்கவில்லை. சீனாவில் 11 வைத்தியசாலைகளில் 1171 நோயாளரை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு வேறு. 30 நாட்களுள் சிக்கலுற்றோர் யந்திர முறையில் நூற்றுக்கு 16.2, துளைமுறையில் 23.1. வைத்தியசாலையில் தங்கியது முறையே 7 நாட்களும் 8 நாட்களுமாம். அவ்வாய்வில் பங்குகொண்ட வைத்தியர் இருமுறையிலும் கைதேர்ந்தோர் என்பது நோக்கற்பாலது.

நிற்க. நோயாளர் தேறுதல் கருவியை மாத்திரம் பொறுத்ததன்று. சிகிச்சைக்குப் பின் விரைவில் உணவூட்டி, மறுநாளே எழுப்பி நடக்கச் செய்யும் முறையை டென்மார்க்கு வைத்தியர் கெலெற் 1990களில் வகுத்தார். 2011இல் வெளியான ஒல்லாந்து ஆய்வில், துளைமுறையோடு இப்பராமரிப்பும் பெற்றோர் 5 நாட்களிலும், திறந்த முறையும் பழைய பராமரிப்பும் பெற்றோர் 7 நாட்களிலும் வீடு சென்றனர். அங்கே யந்திரக் கரம் எதுவும் இருக்கவில்லை.

யந்திரமோ பெருஞ்செலவினது. 2022இல் சென்னை ஓமந்தூரார் அரசு வைத்தியசாலையில் அது நிறுவப்பட்டபோது ஏறத்தாழ 35 கோடி இந்திய ரூபா செலவாயிற்று. மாத்தளைத் தோட்டத் தொழிலாளிக்கு அது எளிதில் எட்டுவதன்று. ஆயினும் அவர் நம்பிக்கை இழக்க வேண்டுவதில்லை. தேர்ந்த வைத்தியரும் நல்ல பராமரிப்பும் வாய்ப்பின் ஏனை முறைகளாலும் நலம் பெறலாம். ஆனால், மலத்தில் குருதி கண்டும் மூலவியாதி என்று தாமே எண்ணிக் காலம் போக்குவோர்க்கு எக்கருவியும் முழுத்துணை செய்யமாட்டாது. குருதி கண்டவுடன் மாத்தளை வைத்தியசாலையை நாடுதலே முதற்படியாகும். இதனை மாணவர் தத்தம் இல்லத்துப் பெரியோர்க்கு எடுத்துரைப்பாராக.