முழங்கால் சொன்ன வரலாறு

1913-ஆம் ஆண்டு. ரோமனோவ் அரச மரபு ரஷ்யாவில் ஆட்சிக்கு வந்து 300 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடும் விழா. பட்டத்து இளவரசன் அலெக்ஸெய்க்கு வயது எட்டு. ஊர்வலத்தில் அவன் நடந்து வரவில்லை. ஓர் ஆள் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார். எட்டு வயதுப் பையனை ஏன் தூக்கி வருகிறார்கள் என்று கூடியிருந்தவர்களுக்குப் புரியவில்லை. அரண்மனையும் வாய் திறக்கவில்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகு, அந்தக் காட்சியின் பொருள் ஓர் அமெரிக்கத் தகப்பனுக்குச் சட்டென்று விளங்கியது. அவர் ராபர்ட் கே. மாஸி. கென்டக்கியில் 1929-இல் பிறந்தவர். யேலிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் வரலாறு படித்துவிட்டுப் பத்திரிகைத் தொழிலுக்குப் போனவர். 1956-இல் பிறந்த அவருடைய மகனுக்கு ஹீமோபிலியா என்று கைக்குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிட்டது. இதே நோயோடு மற்ற குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்று அறிய, மதிய உணவு நேரத்தில் நியூயார்க் பொது நூலகத்துக்குப் போய்த் தேடிப் படித்தார். அந்தத் தேடல்தான் அவரை ரஷ்ய அரண்மனையில் கொண்டுபோய் விட்டது.

ஹீமோபிலியா என்றதும், சிறு கீறல் பட்டாலே இரத்தம் கொட்டித் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மை வேறு. மேல்தோலில் படும் கீறலைத் துணி வைத்து அழுத்தி நிறுத்திவிடலாம். ஆபத்து உள்ளே இருக்கிறது. இரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றை அடுத்து ஒன்று தூண்டப்பட வேண்டும்; அவற்றை எண்ணிட்டு ‘உறைதல் காரணிகள்’ என்கிறார்கள். எட்டாவது காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் ஹீமோபிலியா பி. தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் உறைதல் தடுமாறும். குழந்தை எங்கோ இடித்துக்கொள்கிறது. முழங்காலுக்குள் இரத்தம் மெல்லக் கசிகிறது. போக இடமில்லாமல் மூட்டை நிரப்பி அழுத்துகிறது. வலி தாளாமல் குழந்தை காலை மடக்கிக்கொள்கிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் குருத்தெலும்பு அரிக்கப்பட்டு, மடங்கிய கால் மடங்கியபடியே நின்றுவிடும்.

இதைத் தன் வீட்டில் இரவு இரவாகப் பார்த்தவர் மாஸி. அதனால்தான் 1912 இலையுதிர்காலத்தில் போலந்தின் ஸ்பாலா வேட்டை மாளிகையில் நடந்ததை அவரால் அத்தனை நெருக்கமாக எழுத முடிந்தது. தொடையிலும் கவட்டியிலும் இரத்தம் கட்டி, இடக்காலை மார்போடு இழுத்துக்கொண்டு சிறுவன் அலெக்ஸெய் நாள்கணக்கில் அலறினான். கீழே விருந்தினருக்கு நடுவே சிரித்த முகத்தோடு அமர்ந்திருந்த அவன் தாய், அரசி அலெக்ஸாண்ட்ரா, நடைக்கு வந்ததும் முகம் சிதைந்து மகனிடம் ஓடியதை அரசப் பிள்ளைகளின் ஆசிரியர் பியேர் ஜில்லியார் பார்த்து எழுதியிருக்கிறார். நாட்டுக்கு உடல்நிலை அறிக்கைகள் வந்தன. நோயின் பெயர் வரவில்லை. சாகும் தருவாயில் ஓதும் மந்திரமும் ஓதியாயிற்று. அப்போது சைபீரியாவிலிருந்து, அரசி நம்பிய சாமியார் ராஸ்புதினின் தந்தி வந்தது, பையன் பிழைப்பான் என்று. பிழைத்தான். அதற்குப் பிறகு அந்தத் தாய் ராஸ்புதினை எப்படிக் கைவிடுவாள்? அடுத்த ஆண்டு ஊர்வலத்திலும் அந்தக் கால் நேராகவில்லை.

1967-இல் வெளிவந்த ‘நிக்கோலஸ் அண்ட் அலெக்ஸாண்ட்ரா’ இந்தக் கோணத்தில் எழுந்த நூல். ஒரு பேரரசின் வீழ்ச்சியை ஒரு குழந்தையின் இரத்தத்தோடு மிகையாக முடிச்சுப் போட்டுவிட்டார் என்ற விமர்சனம் உண்டு. போரையும் பசியையும் தொழிலாளர் கோபத்தையும் நினைத்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அரசி ஏன் அப்படி நடந்துகொண்டாள் என்பதற்கு மாஸி தந்த விடையை விட மனிதத்தன்மையுள்ள விடையை நான் படித்ததில்லை. பிறகு மகா பீட்டரின் வாழ்க்கையை எழுதி 1981-இல் புலிட்சர் பரிசு பெற்றார். கேத்தரின் பேரரசியைப் பற்றிய நூல் 2011-இல் வந்தபோது அவருக்கு வயது 82.

நோய் வந்த வழி இங்கிலாந்து விக்டோரியா அரசி. பழுதான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் நல்லது ஒன்று பெரும்பாலும் காத்துவிடும். ஆணுக்கு இருப்பதோ ஒன்றுதான். விக்டோரியாவின் மகன் லியோபோல்ட் 1884-இல் 30 வயதில் இறந்தார். மகள் ஆலிஸ் வழியாகப் பேத்தி அலெக்ஸாண்ட்ராவுக்கும், அவர் வழியாக அலெக்ஸெய்க்கும் அது போய்ச் சேர்ந்தது.

1918 ஜூலையில் அந்த ரஷ்ய அரச குடும்பமே சுட்டுக் கொல்லப்பட்டது. 1991-இல் யெகாத்தெரின்பர்க் அருகே தோண்டி எடுத்த எலும்புகளில், தாய்வழி மட்டுமே இறங்கும் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைப் பிரித்து, இங்கிலாந்து இளவரசர் ஃபிலிப்பின் இரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். ஃபிலிப்பின் தாய்வழிப் பாட்டி, அலெக்ஸாண்ட்ராவின் அக்கா. அரசியின் டிஎன்ஏ பொருந்தியது. இந்தக் கதையையும் மாஸி 1995-இல் தனி நூலாக எழுதினார். ஆனால் இரண்டு பிள்ளைகளின் எலும்புகள் அந்தக் குழியில் இல்லை. 2007-இல் பக்கத்திலேயே கருகிய துண்டுகளாகக் கிடைத்தன. அவற்றில் ஒன்று அலெக்ஸெய்.

2009-இல் அந்தத் துண்டுகளிலிருந்து ஒன்பதாவது காரணிக்கான மரபணுவைப் படித்தார்கள். ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. மரபணுச் செய்தியை நகலெடுத்தபின், வேண்டாத பகுதிகளை வெட்டி, வேண்டியதை ஒட்டித்தான் செல் புரதம் செய்கிறது. அந்த ஓர் எழுத்து வெட்டும் இடத்தைத் தவறாகக் காட்டியதால் புரதம் பாதியிலேயே முடிந்துபோனது. ஹீமோபிலியா பி. அரசியிடம் நல்ல எழுத்தும் மாறிய எழுத்தும் இரண்டும் இருந்தன. மகனிடம் மாறியது மட்டும்.

அதே 2009-இல் மாஸியின் மகனுக்கு 52 வயது. உயிர் காத்த இரத்தப் பொருள்களின் வழியாகவே எச்ஐவியும் ஹெபடைட்டிஸ் சியும் அவர் உடலுக்குள் வந்திருந்தன. கெட்டுப்போன கல்லீரலை மாற்றினார்கள். உறைதல் காரணிகளைச் சுரப்பதில் கல்லீரலுக்குப் பெரும் பங்கு உண்டு. புதிய கல்லீரல் வேலையைத் தொடங்கியது. அவர் இரத்தம் தானாக உறையத் தொடங்கியது. ராபர்ட் மாஸி அதற்குப் பிறகும் பத்தாண்டுகள் வாழ்ந்தார்.