உத்திரத்தைச் செதுக்கினால் தூண் பிழைக்கும்

அமெரிக்காவின் சாண்டா மோனிகா நகரம் 2017-ல் இயற்றிய நிலநடுக்கச் சட்டத்தில், கீழ்த்தளம் வலுவில்லாத மரக் கட்டடங்களை வலுப்படுத்த 6 ஆண்டு கெடு. பழைய கான்கிரீட் கட்டடங்களுக்கு 10 ஆண்டு. வெல்டிங் செய்த பழைய எஃகுச் சட்டகங்களுக்கு 20 ஆண்டு. பிள்ளைகள் கலிஃபோர்னியாவில் வசிக்கும் வாசகர்கள் பலர், ‘அப்படியானால் எஃகுதானே பத்திரம்?’ என்று எழுதியிருக்கிறார்கள். நீண்ட கெடுவைப் பத்திரத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

1994 ஜனவரி 17 விடியற்காலையில் கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் 6.7 அளவு நிலநடுக்கம் வந்தபோது இத்தகைய எஃகுக் கட்டடம் ஒன்றும் இடிந்து விழவில்லை. ஆனால் உட்கூரைப் பலகைகளைக் கழற்றி, தீத்தடுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது, உத்திரமும் தூணும் சேரும் வெல்டிங் பிளந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் இந்தக் கதை. சிலவற்றில் விரிசல் தூணுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

என்னை உறுத்துவது இதற்கான காரணங்களில் ஒன்று. பெரிய அதிர்ச்சியில் உத்திரத்தின் முனை முதலில் வளைந்து கொடுக்க வேண்டும்; நிலநடுக்கத்தின் ஆற்றலை அந்த வளைவு தின்றுவிடும், தூணும் வெல்டிங்கும் தப்பும். வீட்டு ஃபியூஸ் செய்கிற வேலைதான். அன்றைய உத்திர எஃகுக்குத் தர விதி கேட்டது சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் பலம். தரச்சான்று என்பது ‘இதற்குக் குறையாது’ என்ற வாக்குறுதி மட்டுமே. எவ்வளவு கூடும் என்று அது சொல்லவில்லை. ஆலைகளிலிருந்து வந்த எஃகு பெரும்பாலும் 300-ஐத் தாண்டியது. இலவசமாகக் கிடைத்த பலம் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். 5 ஆம்பியர் ஃபியூஸுக்குப் பதில் தடித்த கம்பியைச் சுற்றியதற்கு ஒப்பான செயல் அது. உத்திரம் எளிதில் வளையவில்லை. விசை முழுவதும் வெல்டிங்குக்குப் போனது. அந்த வெல்டிங் உலோகமோ நொறுங்கும் குணம் கொண்டது.

திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. தூணிலிருந்து சற்றுத் தள்ளி, உத்திரத்தின் விளிம்புத் தட்டை இரு பக்கமும் வில்போலச் செதுக்கிவிடுகிறார்கள். பக்கத்துக்கு அகலத்தில் கால் பங்கு வரை. எஃகைக் குறைத்ததால் கட்டடம் உறுதிப்படுகிறது! காப்புரிமை வைத்திருந்த லக்சம்பர்க்கின் ஆர்பெட் நிறுவனம், நார்த்ரிட்ஜுக்குப் பிறகு அதை அமெரிக்காவில் விட்டுக்கொடுத்தது. 1998-ல் வந்த புதிய அமெரிக்கத் தரம் பலத்துக்கு உச்சவரம்பும் வைத்தது: 345-க்குக் குறையக் கூடாது, 450-ஐத் தாண்டவும் கூடாது. ஜப்பான் 1994-லேயே அப்படியொரு தரத்தைக் கொண்டுவந்திருந்தது.

ஆகவே ‘உயர்வலு எஃகால் கட்டியது’ என்ற விளம்பரம் பாதிச் செய்திதான். எந்த இடத்தில் என்று கேளுங்கள். ஐரோப்பிய ஆய்வாளர்கள் 460, 690 வகைகளைத் தூணுக்கு ஒதுக்கி, வளைய வேண்டிய உத்திரத்துக்கு 355 போன்ற மிதமான எஃகையே வைத்துச் சோதித்தார்கள்.

மற்ற கேள்விகள்:

உயர்வலு எஃகுக் கட்டடம் குறைவாக ஆடுமா? பலம் கூடினாலும் விறைப்பு கூடாது. தூண் மெலிந்தால் ஆட்டம் அதிகமாகும்.

சட்டம் சொல்லும் ‘பாதுகாப்பு’? நீங்கள் உயிரோடு வெளியே வருவது. மறுநாள் திரும்பிக் குடியேறுவது அதில் சேராது.

நம் ஊர் 550டி கம்பியில் ‘டி’? முறியாமல் நீளும் குணம்; எண்ணைப் போலவே அந்த எழுத்தையும் பார்த்து வாங்குங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் எஃகுக்கு என்ன கெடு? அங்கே 2015 சட்டம் மரத்தையும் கான்கிரீட்டையும் மட்டுமே தொட்டது.