மரக்காணத்து உப்பில் என்ன குறை?

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். கோடையில் அங்கே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பு விளைந்து கிடக்கும். சுற்று வட்டாரத்தில் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் கல்லுப்புதான். குழம்புக்கும் அதையே போடுகிற வீடுகள் உண்டு. "கடல்ல வெளைஞ்ச உப்பு, இதுல இல்லாத அயோடினா?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான், கணக்குதான் இடிக்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது; அயோடினோ சுமார் 60 மைக்ரோகிராம். அது முழுவதும் உப்போடு ஒட்டிக்கொண்டாலும் கிராமுக்கு இரண்டு மைக்ரோகிராம்கூடத் தேறாது. அதிலும் பெரும்பகுதி, உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடுகிறது. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை, கர்ப்பிணிக்கு 250. மீன், பால், முட்டை ஓரளவு தரும். மிச்சத்துக்கு உப்பில் அயோடினைச் சேர்த்தாக வேண்டும்.

கண்ணுக்கே தெரியாத இந்த அளவுக்கு ஏன் இவ்வளவு பேச்சு? தைராய்டு ஹார்மோனை அயோடின் இல்லாமல் உடலால் செய்ய முடியாது என்பதுதான் காரணம். தைராக்சின் மூலக்கூறு ஒன்றில் நான்கு அயோடின் அணுக்கள் இருக்கின்றன. கழுத்தின் முன்பக்கச் சுரப்பி அதைச் செய்து நேராக ரத்தத்தில் விடுகிறது.

நரம்பின் துணையில்லாமல், இப்படி ரத்தத்தின் வழியாகவே ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு ஆணை அனுப்ப முடியும் என்று 1902இல் லண்டனில் உடலியல் அறிஞர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் காட்டினார்கள். அவர்கள் கண்டது, கணையத்தைச் சுரக்க வைக்கும் செக்ரட்டின் என்ற ஹார்மோன். ரத்தம் எல்லா இடத்துக்கும் போகிறது, ஆனால் ஆணை எல்லோருக்கும் அல்ல. ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாலும் பெயர் சொல்லப்பட்ட வீட்டுக்காரர்தானே எழுந்து வருவார்? அந்தந்த ஹார்மோனுக்கான ஏற்பி உள்ள செல்லே அசைகிறது. தைராய்டு ஹார்மோன் செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, எந்த மரபணு வேலை செய்ய வேண்டும் என்பதையே மாற்றுகிறது. இதயத் துடிப்பு, உடல் சூடு, குடலின் வேகம் எல்லாம் இதன் பொறுப்பு. கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்வதும் இதை நம்பித்தான். தொடக்க மாதங்களில் அந்தக் கருவுக்குத் தாயின் ஹார்மோனே கதி.

ஹார்மோன் குறைந்தால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சும்மா இருப்பதில்லை. டி.எஸ்.எச். என்ற இன்னொரு ஹார்மோனைக் கூடுதலாக அனுப்பி, தைராய்டை விரட்டி வேலை வாங்குகிறது. ரத்தப் பரிசோதனைச் சீட்டில் டி.எஸ்.எச். ஏறியிருந்தால் தைராய்டு பெரும்பாலும் குறைந்திருக்கிறது என்று பொருள். "எனக்கு தைராய்டு அதிகமா இருக்கு" என்று பலர் தலைகீழாகச் சொல்வது இதனால்தான். அயோடினே கிடைக்காமல் இப்படி விரட்டப்படும் சுரப்பி வீங்குவதுதான் கழுத்துக் கழலை. 1956இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வில், அயோடின் கலந்த உப்பு கொடுத்த பகுதிகளில் கழலை குறைந்தது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது.

இதெல்லாம் மலைநாட்டுச் சங்கதி என்று தமிழ்நாடு இருந்துவிட முடியாது. 2018-19 இந்திய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். மாநிலங்களில் கடைசி இடம்! உப்பு விளைகிற மாநிலத்துக்கு இது பெருமை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நேரடியாகச் சாப்பிட விற்கும் சாதாரண உப்பில் அயோடின் இருந்தாக வேண்டும். கடையில் வாங்கும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம். இதற்கான முந்தைய விதியை 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அயோடின் தீங்கு என்று அல்ல, அந்த விதி கலப்படத் தடுப்புச் சட்டம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டியது என்பதால். அடுத்த மாதமே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புதிய விதி வந்துவிட்டது. கால்நடைக்கும் தொழிற்சாலைக்கும் பதப்படுத்தவும் அயோடின் இல்லாத உப்பை அதற்குரிய லேபிளோடு விற்கலாம். ஆகவே உப்பளத்தில் உப்பு வாருகிறவர் எந்தத் தவறும் செய்யவில்லை. லேபிள் இல்லாத மூட்டையைச் சமையலுக்கென்று விற்கும் இடத்தில்தான் சிக்கல்.

சந்தேகம் வந்தால் வழி உண்டு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40இன்படி, வாங்குகிற எவரும் கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனை கேட்கலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அறிக்கை 14 நாளில் வர வேண்டும். உப்பு விதியை மீறியது என்று தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். இவ்வளவு அலைய முடியாதவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்கு, கடையின் பெயரோடும் படத்தோடும் புகார் அனுப்பலாம். வாங்கிய அயோடின் உப்பையும் திறந்த ஜாடியில் அடுப்போரம் வைத்தால் பயன் குறையும். அதற்காக அள்ளிப் போடவும் வேண்டாம், நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு.

உப்பு எல்லாவற்றையும் தீர்க்காது. சில குழந்தைகள் தைராய்டு சுரப்பியே இல்லாமலோ சரியாக வளராமலோ பிறக்கின்றன. பார்க்க நன்றாகவே இருக்கும். மாதங்கள் போன பிறகு தெரியவரும்போது மூளை வளர்ச்சியில் ஏற்பட்ட இழப்பை மீட்பது கடினம். பிறந்த சில நாளில் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தமே இதைக் கண்டறியப் போதும், இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கிவிடலாம். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் திண்டிவனம் அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், வீட்டுக்குப் புறப்படும் முன் "குழந்தைக்கு தைராய்டு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டு, முடிவைச் சீட்டில் எழுதி வாங்க வேண்டும். பெற்றோருக்கு அந்த உரிமை உண்டு.

பெரியவர்களில் தைராய்டு குறைவுக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது பெரிய காரணம். அவர்களுக்கு அயோடின் உப்பு மருந்தாகாது, லெவோதைராக்சின் மாத்திரை வேண்டும். உடல் மெலிவதற்கென்று மருந்துக்கடையில் இதைக் கேட்டு வாங்குவது ஆபத்து. அளவு கூடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பு தேயும். காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, காபிக்கு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளிப் போட்டுக்கொள்வது நல்லது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டு, "மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். இறங்கவே இல்லை" என்று டாக்டரிடம் முறையிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.