ஏரிக்கரைப் பிள்ளைகள் – 14: அக்கா போடும் கையெழுத்து

பாடு முறையைப் போன வாரமே விலாவாரியாகச் சொல்லியாகிவிட்டது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம் மூன்றும் பழவேற்காடு ஏரியில் முறைவைத்து வலை இறக்குகிற ஏற்பாடு. அவ்வளவு ஞாபகம் இருந்தால் போதும். இந்த வாரம் ஏரிக்கரைப் பிள்ளைகள் தங்கும் விடுதிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். நடுவில் ஒரு சட்டப் பிரிவு கண்ணில் பட்டுத் தொலைத்தது.

2017-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. – எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். பாகுபாடு கூடாது, ரகசியம் காக்க வேண்டும் என்பதெல்லாம் ஓரளவு தெரிந்ததுதான். நான் சொல்வது 32-வது பிரிவு. நோயால் பெற்றோர் முடங்கிப்போன, அல்லது பிள்ளைகளைக் கவனிக்க ஆளில்லாத குடும்பத்தில், 12 வயது நிரம்பிய பிள்ளைக்குப் பக்குவம் இருந்தால் தம்பி தங்கைக்கு அதுவே பாதுகாவலர் ஆகலாம். பள்ளியில் சேர்க்கலாம், வைத்தியம் பார்க்கலாம், வங்கிக் கணக்கைக்கூடக் கவனிக்கலாம்.

எட்டாம் வகுப்புப் பெண், தம்பியின் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தில் ‘பாதுகாவலர் கையொப்பம்’ என்ற இடத்தில் தன் பேரை எழுதலாம்! எத்தனை தலைமையாசிரியர்களுக்கு இது தெரியும்? “பெரியவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாம்மா” என்பதுதான் வழக்கமான பதில்.

எய்ட்ஸ் பெற்றோரைக் கொண்டுபோன தென்னாப்பிரிக்காவிலும் பிள்ளைகளே நடத்தும் குடும்பத்தைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் பொறுப்பேற்கும் பிள்ளை 16 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், மேற்பார்வைக்கு ஒரு பெரியவரும் வேண்டும். நாம் நான்கு வயது கீழே இறங்கியிருக்கிறோம். துணிச்சல்தான். பன்னிரண்டு வயதுத் தோளில் இவ்வளவு ஏற்றலாமா என்ற சந்தேகமும் எனக்குப் போகவில்லை.

மறுபடியும் பாடுதான், பொறுத்துக்கொள்ளுங்கள். அதில் பேர் சேர்வது பட்டினவர் என்னும் மீனவர் சமூகத்து வளர்ந்த ஆண்களுக்கு மட்டும். அப்பன் போன வீட்டுப் பொடியன் காத்திருக்க வேண்டும். அவன் அக்காவுக்கு எந்த வயதிலும் இடமில்லை. ஏரி கணக்கில் சேர்க்காத பெண்ணை டெல்லிச் சட்டம் குடும்பத் தலைவியாகவே எண்ணுகிறது.

பெற்றோர் இல்லாத வீட்டில் பாட்டி இருந்தால் பாட்டிதான் எல்லாம். இதே ஏரியில் இருளர் பழங்குடிப் பெண்கள் வலையில்லாமல், சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். பேரப்பிள்ளையின் நோட்டுச் செலவு அந்தப் பறியிலிருந்துதான் வர வேண்டும்.

வளர்க்கிறவர்களின் இந்தச் சுமையைக் கென்யா 2004-ல் சரியாகப் பிடித்தது: அனாதைப் பிள்ளையை வளர்க்கிற வீட்டுக்கே பணம். தமிழ்நாட்டிலும் எச்.ஐ.வி. பாதித்த பிள்ளைகளுக்காக 2009-ல் ஓர் அறக்கட்டளை வந்தது; வைப்புநிதி வட்டியிலிருந்து உதவி. 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தில், தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைக்கு, எந்தக் காரணத்தால் இழந்திருந்தாலும், 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய். என்ன நோய் என்று சொல்லாமலே வாங்கலாம் என்பதால் எனக்கு இதுவே மேல்.

‘அன்புக்கரங்கள்’ மனுவில் அக்கா கையெழுத்துப் போட்டால் செல்லுமா? வங்கியில் ஒத்துக்கொள்வார்களா? கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால், விடுதிகளோடு சேர்த்து அடுத்த வாரம்.