ஆள் நிலவரம் அறிந்து பயிர் செய்யுங்கள்

மண்ணைச் சோதித்துப் பயிர் செய்யுங்கள், நீர் இருப்பை அறிந்து பயிர் செய்யுங்கள் என்று விரிவாக்கப் பணியாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம். இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் இப்போது சேர்த்துக்கொள்ள வேண்டும். அது ஊரின் ஆள் நிலவரம். நல்ல மண், போதிய நீர், தரமான விதை எல்லாம் இருந்தும், களை எடுக்க வேண்டிய வாரத்தில் கை கிடைக்காவிட்டால் போட்ட உரம் களைக்குத்தான் போய்ச் சேரும். விளைந்த கதிரை அறுக்க ஆள் வராவிட்டால் அதுவரை செய்த செலவு முழுவதும் வீண்.

"ஆளே இல்லை" என்ற பேச்சு எல்லா மாவட்டங்களிலும் ஒன்றுபோலக் கேட்கிறது. ஆனால் காரணம் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. ஆகவே பரிகாரமும் வேறாகத்தான் இருக்க முடியும். திருப்பூருக்குப் பொருந்தும் வழி திருவாரூருக்குப் பொருந்தாது. இது குறித்துச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கணக்கு என்ன சொல்கிறது?

2001ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சொந்தமாகப் பயிர் செய்வோர் ஏறத்தாழ 51 லட்சம் பேர். 2011இல் இவர்கள் 42 லட்சத்து 48 ஆயிரமாகக் குறைந்தனர். அதே பத்தாண்டுகளில் விவசாயத் தொழிலாளர் எண்ணிக்கை 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாக உயர்ந்தது. தொழிலாளர் தொகை கூடிய காலத்தில்தான் ஆள் பஞ்சம் என்ற குரலும் ஓங்கியது. இது எப்படி?

ஏட்டில் பதிவான பெயர் வேறு. குறித்த நாளில் வயலில் இறங்கும் ஆள் வேறு. விவசாயத் தொழிலாளர் என்று பதிவானவர்களில் ஆண்டில் 6 மாதத்துக்கும் குறைவாகவே வேலை பார்ப்பவர்களும் உண்டு. மற்ற நாள்களில் கட்டட வேலை, ஆலை வேலை, சுமை வேலை என்று அவர்கள் பிரிந்து போகிறார்கள். இளைஞர்கள் வெளியே செல்ல, நடுத்தர வயதைக் கடந்த பெண்களே பெரும்பாலும் வயல் வேலைக்கு எஞ்சுகிறார்கள். ஆக, குறைந்திருப்பது தலை எண்ணிக்கையைவிட, நமக்கு வேண்டிய வாரத்தில் கிடைக்கும் ஆள் நாள்கள்தான்.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி 2018-19இல் வேலை செய்வோரில் 42.5 சதவீதம் பேர் விவசாயத்தில் இருந்தனர். கொரோனாவுக்குப் பின் இந்த விகிதம் கூடி, 2023-24இல் 46.1 சதவீதமாயிற்று. வட மாநிலங்கள் பலவற்றில் வேறு தொழில் போதாமல் மக்கள் நிலத்தையே நம்பி நிற்கிறார்கள். கூலி வித்தியாசமும் பெரிது. ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவரப்படி 2022-23இல் ஆண் விவசாயத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி கேரளத்தில் 764 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் 229 ரூபாய். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் ஓடுவதுபோல, குறைந்த கூலி உள்ள இடத்திலிருந்து கூடிய கூலி உள்ள இடத்துக்கு ஆள் நகர்வதில் வியப்பில்லை.

கொங்கு வட்டாரம்

திருப்பூர், கோவை, ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் வேலை ஆண்டு முழுவதும் உண்டு. திருப்பூரில் பின்னலாடை, கோவையில் பம்பு செட்டும் வார்ப்படமும், கரூரில் வீட்டுத் துணி வகைகளும் பேருந்துக் கூண்டு கட்டுதலும், நாமக்கல்லில் கோழிப் பண்ணையும் லாரித் தொழிலும் என ஒவ்வோர் ஊருக்கும் ஒரு தொழில். பனியன் கம்பெனி வண்டி காலையில் கிராமத்துக்கே வந்து ஆள்களை ஏற்றிச் செல்கிறது. நிழலில் வேலை, வாரம் தவறாத சம்பளம். இதோடு நடவுக் கூலியோ களைக் கூலியோ போட்டியிட முடியாது.

இங்கே ஆள் தட்டுப்பாடு நிரந்தரமானது. அடுத்த ஆண்டு சரியாகிவிடும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஆகவே பண்ணை அமைப்பையே மாற்ற வேண்டும். சொட்டு நீர்ப் பாசனத்தை இங்கு தண்ணீர்ச் சிக்கனத்துக்காக மட்டும் கருதக் கூடாது. மடை மாற்ற ஆள் வேண்டாம். உரத்தை நீரோடு கலந்து கொடுக்கலாம். செடியின் அடியில் மட்டும் நனைவதால் களையும் குறையும். சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. காங்கயம் பகுதியின் கொறங்காடு முறையும் நினைவில் கொள்ளத்தக்கது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும் வளர்த்து மாடும் ஆடும் மேய்க்கும் இந்த முறைக்கு மிகக் குறைந்த ஆளே போதும்.

ஆனால் ஆளுக்குப் பயந்து நிலம் முழுவதையும் தென்னையாக்கிவிடுவது சரியல்ல. தென்னையும் ஆள் கேட்கும் பயிர்தான். மரம் ஏறுவோர் பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளில் அரிதாகிவிட்டனர். 2016இல் பொள்ளாச்சியில் முதலில் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ போன்ற புதிய பூச்சியால் தொல்லையும் கூடிற்று. ஆளே வேண்டாத பயிர் என்று ஒன்று கிடையாது.

காவிரிப் பாசனப் பகுதி

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் நிலைமை நேர் எதிர். இங்கு பெரிய ஆலைகள் குறைவு. ஆண்டில் பல மாதங்கள் தொழிலாளிக்கு உள்ளூரில் வேலை இல்லை. அதனால்தான் இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். ஆனால் ஆற்றில் தண்ணீர் வந்ததும் எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் நடவு. எல்லாரும் ஒரே வாரத்தில் ஆள் தேடுகிறார்கள். இது சில வாரங்களுக்கு மட்டுமான நெருக்கடி.

அறுவடையைப் பொறுத்தவரை எந்திரம் வந்து இந்த நெருக்கடியைத் தீர்த்துவிட்டது. ஈர வயலில் பெல்ட் வண்டியும் காய்ந்த வயலில் டயர் வண்டியும் இறங்குகின்றன. நடவுக்கு அண்மைக் காலமாக மேற்கு வங்கத்திலிருந்து குழுக்கள் வருகின்றன. குழுவாக, ஒப்பந்தமாக, விரைந்து நட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். இதை நம்பி மட்டும் சாகுபடித் திட்டம் போடக் கூடாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வெளி மாநிலத் தொழிலாளர்கள் எப்படித் தவித்து ஊர் திரும்பினார்கள் என்பதை மறப்பதற்கில்லை.

குறுவைக்கான குறுகிய வயது ரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாளுக்குள் நட வேண்டும். ஆளுக்காகக் காத்திருந்து நாற்று முற்றினால் தூர் கட்டுவது குறையும், மகசூல் விழும். ஓர் ஏக்கர் நடவுக்கு 15 பெண்கள் தேவை என்று வைத்துக்கொள்வோம். 4 ஏக்கருக்கு 60 ஆள் நாள்கள். உங்களுக்கு நாளொன்றுக்கு 10 பேர்தான் கிடைப்பார்கள் என்றால் நடவு முடிய 6 நாள் ஆகும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகே நாற்றங்கால் விட வேண்டும். மொத்த விதையையும் ஒரே நாளில் விடாமல், 4, 5 நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக விட்டால் நாற்று முற்றாது.

வட மாவட்டங்கள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதியில் கார், மின்னணுத் தொழிற்சாலைகள், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல், செய்யாற்றில் காலணி, ஓசூரில் வாகனமும் மின்னணுப் பொருள்களும். இத்தொழில்களில் பலவும் தேடுவது இளம் பெண்களை. 2019-20ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் தொழிற்சாலைகளில் பணிபுரியும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருந்தனர். தாய் களை எடுத்த வயலுக்கு மகள் வரமாட்டாள் என்பதை இப்பகுதி விவசாயிகள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். அதில் வருந்தவும் ஒன்றுமில்லை. நம் வீட்டுப் பெண்களையும் அப்படித்தானே படிக்க வைக்கிறோம்?

ஆலை அருகில் இருப்பதில் லாபமும் உண்டு. ஆயிரக் கணக்கானோர் தங்கும் இடங்களில் கீரை, காய்கறி, பால், முட்டைக்குத் தினசரிச் சந்தை உருவாகிறது. வீட்டு ஆள்களே பார்த்துக்கொள்ளக்கூடிய அளவில் அரை ஏக்கர் காய்கறியும் இரண்டு கறவை மாடும், ஆள் இன்றித் தவிக்கும் 3 ஏக்கர் நெல்லைவிடக் கையில் காசு நிறுத்தலாம்.

சிவகாசியும் கரிசல் காடும்

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள் ஆள்களை ஈர்க்கின்றன. பட்டாசு வேலை தீபாவளிக்கு முந்திய மாதங்களில் உச்சத்தில் இருக்கும். மானாவாரி விதைப்பும் புரட்டாசியில்தான். ஆகவே விதைப்புக்கு ஆளை நம்பாமல் டிராக்டர் விதைப்புக் கருவியால் வரிசையில் விதைத்துவிடுவதே நல்லது. மழைக்கு முந்திய விதைப்பு இதற்கு மிகவும் ஏற்றது. சோள விதையை 2 சத பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைசலில் 6 மணி நேரம் ஊற வைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைத்தால் வறட்சியைத் தாங்கி முளைக்கும். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் ஓய்ந்திருக்கும். களை எடுப்புக்கு அப்போது ஆள் கிடைக்கும். ஊர்த் தொழிலின் பருவத்தை அறிந்து பயிரின் பருவத்தைப் பொருத்துவது என்பது இதுதான்.

தேனி மாவட்டத்தின் கதை இன்னொரு விதம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து பெண்கள் தினமும் ஜீப்பில் மலை ஏறி இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். இங்கு போட்டி ஆலையோடு அல்ல. மலைமேல் உள்ள இன்னொரு விவசாயத்தோடு.

நூறு நாள் வேலை

2005ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த நூறு நாள் வேலைத் திட்டம் 2008 ஏப்ரல் முதல் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. ஆள் பற்றாக்குறைக்கு இதுவே காரணம் என்று பலர் கூறுவர். ஓரளவுக்கு உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் இதில் வேலை செய்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். அவர்களில் வயதானவர்கள் ஏராளம். திருப்பூருக்குப் போன இளைஞனை இத்திட்டம் கொண்டு போகவில்லை. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் வேலை நாளை 125 ஆக உயர்த்தியதோடு, விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டில் 60 நாள் வரை பணிகளை நிறுத்தி வைக்கவும் வகை செய்துள்ளது. அந்த 60 நாள் எவை என்பது உங்கள் பகுதிப் பயிருக்குப் பொருந்த வேண்டும். டெல்டாவின் நடவு நாளும் கரிசலின் களை நாளும் ஒன்றல்ல. கிராம சபையிலும் விவசாயிகள் குறை தீர்க்கும் நாள் கூட்டத்திலும் உழவர்கள் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். அதே சமயம், கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்த 60 நாளும் வயலில் நியாயமான வேலை இருக்க வேண்டும் என்பதும் நம் பொறுப்பு.

விவசாயிகள் கவனத்துக்கு

1. ஆள் அட்டவணை: ஒரு தாளில் 12 தமிழ் மாதங்களையும் எழுதுங்கள். உங்கள் பயிருக்கு எந்த மாதம் எத்தனை ஆள் நாள் வேண்டும் என்று குறியுங்கள். எதிரே, ஊரில் வேறு தொழில்கள் உச்சமாக இருக்கும் மாதங்களைக் குறியுங்கள். இரண்டும் மோதும் இடத்தில் பயிரையோ, ரகத்தையோ, விதைப்பு நாளையோ மாற்றுங்கள்.

2. எந்திரத்துக்கு முன்பதிவு: எந்திர நடவுக்குத் தட்டு நாற்றங்கால் வேண்டும். 15 முதல் 18 நாள் நாற்றே ஏற்றது. எந்திரம் வரும் நாளை உறுதி செய்துகொண்டு பிறகு விதை விடுங்கள். வேளாண் பொறியியல் துறையின் வாடகை எந்திரங்களை உழவன் செயலி மூலமும் பதிவு செய்யலாம். நாலைந்து பேர் அடுத்தடுத்த வயல்களுக்குச் சேர்ந்து பதிவு செய்தால் எந்திரம் வருவது எளிது.

3. நேரடி விதைப்பு: வயலை நன்கு சமன் செய்து, முளை கட்டிய விதையை உருளை விதைப்பானால் விதைத்தால் நடவு ஆளே தேவையில்லை. இரண்டு பேர் ஒரு நாளில் 2 ஏக்கருக்கு மேல் விதைக்கலாம். களைக் கட்டுப்பாட்டை முதலிலேயே திட்டமிட வேண்டும். இல்லாவிடில் நடவில் மிச்சமான ஆள் களையில் செலவாகும்.

4. கருவி இலகுவாக இருக்கட்டும்: வயலுக்கு வருபவர்கள் 45, 50 வயதுப் பெண்கள் என்றால் கனமான கருவி உதவாது. வரிசை நடவு செய்து கோனோ வீடரை நட்ட 10 முதல் 15 நாளில் ஓட்டத் தொடங்கினால் குனிந்து களை பறிக்கும் சிரமம் பெரிதும் குறையும்.

5. கூலியும் மரியாதையும்: பேசிய கூலியை அன்றைக்கே கொடுங்கள். குடிநீரும் நிழலும் ஏற்பாடு செய்யுங்கள். ஆணும் பெண்ணும் ஒரே வேலை செய்தால் ஒரே கூலி கொடுப்பதே முறை. ஒரே ஊரில் சிலருக்கு ஆள் கிடைத்துச் சிலருக்குக் கிடைக்காததற்குப் பல நேரம் இதுவே காரணம்.

தொழிலும் நிலையானதல்ல

ஆலை வேலை என்றும் அப்படியே நிற்கும் என்றும் சொல்ல முடியாது. 2011இல் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப் பட்டறைகள் மூடப்பட்டன. 2014 நவம்பரில் திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது பின்னலாடைத் தொழில் தடுமாறியது. அத்தகைய நேரங்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்புவார்கள். அவர்கள் தையல் எந்திரமோ மின் மோட்டாரோ கையாண்ட கைகள். பவர் டில்லர், களை எந்திரம், தெளிப்பான் ஓட்டவும் பழுது பார்க்கவும் இவர்களைப் பழக்கிக்கொண்டால் ஊருக்கே நல்லது.

ஆடி மாதம் விதை வாங்கப் போகும் முன் ஒரு நாள் மாலை, பக்கத்து நிலத்துக்காரர்களோடு உட்கார்ந்து மேலே சொன்ன ஆள் அட்டவணையைத் தயாரியுங்கள். எத்தனை ஏக்கருக்கு நம் ஊரில் உண்மையில் கை இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த அளவுக்கு மட்டும் ஆள் கேட்கும் பயிரைச் செய்யுங்கள். மீதி நிலத்துக்குத் தீவனமோ மரமோ எந்திரத்துக்கு ஏற்ற பயிரோ போதும்.