செடியின் காப்புச் செய்தியும் மனிதரின் அழற்சியும்: சாலிசிலிக் அமிலமும் அதன் ஒப்புச்சேர்மங்களும்

முன்னுரை

நோய் தாக்கும்போது செடி இடம்பெயர்ந்து தப்ப இயலாது. எனவே அது தன் காப்பு மரபணுக்களைத் தூண்டும் வேதிச் செய்திகளை உண்டாக்குகிறது. தாவர இயக்குநீர்கள் எனப்படும் அவற்றுள் சாலிசிலிக் அமிலம் ஒன்று. நாம் உட்கொள்ளும் ஆஸ்பிரினும் உடலுள் விரைவில் இவ்வமிலமாகவே மாறுகிறது. இதனையும் இதன் அமைப்பை ஒத்த சேர்மங்களையும் அழற்சிக்கு மருந்தாக்க இயலுமா என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

புகையிலையில் கண்டது

1979-இல் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் நிலையத்தில் ரேமண்ட் வைட், ஆஸ்பிரின் செலுத்திய புகையிலை இலைகள் தேமல் நச்சுயிரியை எதிர்த்து நிற்பதைக் கண்டார். செடி தானே இத்தகைய செய்தியை உண்டாக்குகிறதா என்னும் வினாவிற்கு 1990-இல் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டேனியல் கிளெசிக், இல்யா ராஸ்கின் உள்ளிட்டோர் விடை கண்டனர். எதிர்ப்பாற்றல் உள்ள புகையிலையில், நச்சுயிரி தாக்கிய இலைகளின் சாலிசிலிக் அமில அளவு குறைந்தது 20 மடங்கு உயர்ந்தது. எதிர்ப்பாற்றல் அற்ற வகையில் அவ்வாறு உயரவில்லை.

மனித உயிரணுவில் கண்டது

ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என 1971-இல் ஜான் வேன் நிறுவினார். ஆயின் சாலிசிலிக் அமிலம் அதற்குரிய நொதியை வலுவாகத் தடுப்பதில்லை. எனினும் அழற்சியைத் தணிக்கிறது. இப்புதிருக்கு ஒரு விடையை, பின்னர் நியூயார்க் மாநிலத்தின் பாய்ஸ் தாம்சன் நிறுவனத்தில் பணியாற்றிய கிளெசிக்கின் குழு 2015-இல் வெளியிட்டது. எச்.எம்.ஜி.பி.1 என்னும் புரதம் இயல்பாக உயிரணுவின் உட்கருவில் இருப்பது. உயிரணு சிதையும்போது வெளியே கசிந்து, நோயெதிர்ப்பு உயிரணுக்களை அவ்விடத்திற்கு ஈர்க்கிறது. அழற்சியைப் பெருக்கும் சைட்டோகைன்களைச் சுரக்கவும் தூண்டுகிறது. சாலிசிலிக் அமிலம் இப்புரதத்துடன் பிணைந்து இவ்விரு செயல்களையும் அடக்குகிறது.

ஒப்புச்சேர்மங்கள்

அதே ஆய்வில், செயற்கையாக ஆக்கிய ஓர் ஒப்புச்சேர்மமும், அதிமதுர இனத்திலிருந்து கிடைக்கும் அமோர்ஃபுருட்டின் பி1 என்னும் சேர்மமும் சாலிசிலிக் அமிலத்தினும் 40 முதல் 70 மடங்கு ஆற்றலுடன் இப்புரதத்தின் அழற்சிச் செயலை அடக்கின. ஆற்றல் மிகுந்தால் குறைந்த அளவே போதுமானதாகலாம். பக்கவிளைவுகளும் குறையலாம் என்பதே இங்குள்ள நம்பிக்கை.

முடிவுரை

ஆய்வகத்தில் உயிரணுக்களிடம் கண்ட விளைவு நோயாளரிடம் கண்ட விளைவு ஆகாது. ஒப்புச்சேர்மத்தின் நஞ்சுத்தன்மை, உடலில் அது தங்கும் காலம், உரிய அளவு ஆகியவை மருத்துவச் சோதனைகளால் உறுதிப்பட வேண்டும். அதிமதுரக் கசாயத்தை மிகுதியாகப் பருகுவது இச்சேர்மத்தைப் பெறும் வழியும் அன்று. அதிமதுரத்தின் கிளிசிரைசின் குருதியழுத்தத்தை உயர்த்திப் பொட்டாசியத்தைக் குறைக்கவல்லது. தாவரத்திலிருந்து வந்தது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. ஆய்வுக்கு வழிகாட்டுவது மரபறிவு; மருந்தென உறுதிசெய்வது சோதனை. இவ்வேறுபாட்டைத் தமிழில் தெளிவாக எடுத்துரைப்பது அறிவியல் தமிழின் இன்றைய கடமையாகும்.