மின்வழங்கி விசிறி

மின்வழங்கி விசிறி என்பது மேசைக் கணினியின் மின்வழங்கிப் பெட்டியிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் சிறு விசிறி ஆகும். இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் சீர்தரத்தைப் பின்பற்றும் மின்வழங்கிகளில் பெரும்பாலும் 80 அல்லது 120 மில்லிமீட்டர் அளவும் 12 வோல்ட் மின்னழுத்தமும் கொண்ட விசிறிகள் பொருத்தப்படுகின்றன.

இரைச்சலின் காரணங்கள்

சுழல்தண்டைத் தாங்கும் பேரிங்கில் எண்ணெய் வற்றுவதாலும், இதழ்களில் தூசி படிவதாலும் இரைச்சல் எழுகிறது. நெசவுத் தொழில் நடைபெறும் சேலம் அம்மாபேட்டை போன்ற பகுதிகளில் பஞ்சுத் துகள்களும் காற்றோடு உள்ளிழுக்கப்பட்டுப் படியலாம். விசிறி நின்றுவிட்டால் மின்வழங்கி சூடேறிப் பழுதடையக்கூடும்.

எச்சரிக்கை

இந்தியாவில் வீடுகளுக்கு வழங்கப்படும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம், மின்வழங்கியினுள் நேர்மின்சாரமாக மாற்றப்படும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. இது மின்தேக்கிகளில் தேங்குவதால், இணைப்பைத் துண்டித்த பின்னரும் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னதிர்ச்சி ஏற்படலாம். எனவே மின்னணுப் பயிற்சி பெற்றவர் மட்டுமே பெட்டியைத் திறத்தல் வேண்டும். பிறர் மின்வழங்கியை முழுமையாக மாற்றிவிடுவதே பாதுகாப்பானது.

மாற்றும் முறை

மின்தேக்கிகளில் மின்னூட்டம் எஞ்சவில்லை என்பதை அளந்து உறுதிசெய்த பின்னரே பழைய விசிறி கழற்றப்படும். புதிய விசிறி அளவு, தடிப்பு, மின்னழுத்தம், காற்றோட்டம் ஆகியவற்றில் பழையதை ஒத்திருத்தல் வேண்டும். பொதுவாகச் சிவப்புக் கம்பி நேர்முனையையும் கறுப்புக் கம்பி எதிர்முனையையும் குறிக்கும். காற்று வீசும் திசையும் முன்பிருந்தவாறே அமைதல் வேண்டும்.